எண்பதாம் நம்பர் சல்லடை

கருப்பசாமி, உன் கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோய்த்தான் எழுத உட்கார்ந்தேன். நான் வாயெடுத்தால் நீ காதில் வயரை மாட்டிக்கொள்வாய் என்று தெரியும். எழுதினால் கண்ணிலாவது படும். வீட்டில் வெள்ளைத்தாள் இல்லை. பட்டாசுக் கம்பெனி லோடு சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றாகக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். சுவரில் சாய்ந்து, தொடைமேல் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மணி இப்போது பன்னிரண்டே கால். ஐந்து மணிக்கு நீ என்ன அனுப்பப்போகிறாய் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அனுப்பாதே. மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடு: நீ ஒரு தப்பும் செய்யவில்லை, செய்தவன் நான்.

நீ வந்து மூன்று நாளாகிறது. லீவு என்றாய். பீரோ இருக்கிற அறைக்குள் லேப்டாப்போடு போனவன், அம்மா வைத்த சோற்றைத் தட்டோடு வெளியே வைத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாய். அம்மா இதைக் காதல் தோல்வி என்று முடிவுகட்டிவிட்டாள். காலையில் வேலைக்கு வேன் ஏறும்போதுகூட, "எவளா இருந்தாலும் கட்டி வச்சிருவோம்னு சொல்லுங்க, மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க" என்றாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று பாதி நம்பினேன். பத்து மணிக்கு உன் ஹாஸ்டல் அறைக்கூட்டாளி ஜெபராஜ் போன் செய்தான். நீ ஆராய்ச்சியில் எண்களைத் திரித்துவிட்டாய் என்று கல்லூரியில் விசாரணை நடக்கிறது, நீயும் "ஆமாம், நான்தான் மாற்றினேன், முழுப் பொறுப்பும் என்னுடையது, ஆராய்ச்சியை விட்டு விலகுகிறேன்" என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறாய், சாயந்திரம் ஐந்து மணிக்கு அனுப்பப்போகிறாய் என்றான். அதுவரைக்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அவன் கொஞ்சம் தயங்கி, "புத்தகம், சைக்கிள் எல்லாத்தையும் என்னையே வச்சுக்கச் சொல்லிட்டான் அங்கிள்" என்றான். போனை வைத்ததும் ஓடிவந்து இந்தக் கதவைத் தட்டினேன். எதற்குப் பயப்படுகிறேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, உனக்கே தெரியும். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு இந்தக் கதவடியில் உட்கார்ந்திருக்கிறேன். சற்று முன் நீ இருமினாய். பிள்ளை இருமுவதைக் கேட்டு ஒருத்தன் இவ்வளவு சந்தோஷப்படுவானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

உன் படிப்பைப் பற்றி ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், "கடலுக்கு அடியில மண்ணு எப்படி ஓடுதுன்னு கணக்குப் போடுதான்" என்பதுதான். எதுக்கு என்றால், எண்ணெய்க்கு என்பேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கடலும் கிடையாது, ஒழுங்கான மழையும் கிடையாது, அதனால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆனால் எனக்கு அது நன்றாகவே புரியும், நீ அம்மாவுக்கு விளக்கினாயே, அன்றிலிருந்து. பத்து நாளைக்கு ஒருதரம் வருகிற குடிதண்ணீரை அகலச் சட்டியில் ஊற்றிச் சாய்த்து வைத்து, ஒரு டம்ளர் செம்மண் கரைசலை ஓரத்தில் மெதுவாக விட்டாய். "ஏலே, குடிக்கிற தண்ணியில மண்ணைக் கரைச்சு எந்த ஊருலலே படிப்புச் சொல்லித் தாராக?" என்று கத்திக்கொண்டு வந்தவள், அந்தக் கரைசல் மேலே கலங்காமல் அடித்தரையோடு தனியாக இறங்கி ஓடியதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். "கடலுக்கு அடியிலயும் இப்படித்தாம்மா சரிவுல இறங்கும். பெரிய மணலு கிட்டத்துலயே படிஞ்சிரும், சின்ன மணலு தூரம் போய்ப் படியும். மேல மேல மூடி, கோடி வருசத்துல பாறையாயிரும். மணலுக்கும் மணலுக்கும் இடையில இருக்கிற சந்துலதான் எண்ணெய் நிக்கும். எங்கன எம்புட்டுப் பெரிய மணலு படிஞ்சிருக்குன்னு தெரிஞ்சா, எம்புட்டு எண்ணெய் இருக்கு, உறிஞ்சினா வருமா வராதான்னு சொல்லிறலாம்" என்றாய். "அப்பக் கெணறு மாதிரித் தேங்கிக் கெடக்காதா?" என்று கேட்டாள். "இல்லம்மா, எள்ளுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கும்." அதற்குப் பிறகு உன் ஆராய்ச்சிக்கு அவள் ஒரு குறையும் சொன்னதில்லை, தண்ணீரை வீணாக்கியதைத் தவிர.

மணலின் பருமன்தான் எல்லாம் என்று நீ சொன்னபோது எனக்குள் ஒரு கர்வம் ஏறிற்று. முப்பது வருஷமாகப் பட்டாசு மருந்து சலிக்கிறவன் நான். அலுமினியப் பொடி ஒரு நம்பர் பிசகினால் ஆள் உயரம் பூக்க வேண்டிய பூச்சட்டி முழங்கால் உயரத்திலேயே அடங்கிவிடும். கல்லூரியில் சலிக்கிற மிஷின் ரிப்பேராகி, புதுச் சல்லடைக்கு எழுதிப்போட்ட காகிதம் எந்த மேஜையிலோ தூங்கிக்கொண்டிருந்தபோது, "நம்ம ஊருச் சல்லடை ஒண்ணு கிடைக்குமாப்பா?" என்று கேட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. மரச்சட்டம், பித்தளை வலை, செம்பு ஆணி என்று நானே உட்கார்ந்து செய்தேன். மருந்துக்குப் பக்கத்தில் பொறி பறக்கிற இரும்பு ஆகாது என்பதால் எங்கள் சல்லடையில் ஓர் இரும்பு ஆணிகூட இருக்காது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணோ அதுதான் நம்பர், நம்பர் கூடக்கூடப் பொடி நைசாக விழும். நீ கேட்டது நூறு. சட்டத்தில் பெயிண்டால் 100 என்று எழுதிக் கொடுத்தேன். அதில் சலித்த மணலை வெளியே எங்கோ பெரிய மிஷினில் கொடுத்துச் சோதித்துவிட்டு, "கரெக்டா இருக்குப்பா" என்று போன் செய்தாய். அதற்குமேல் நீ ஏன் சந்தேகப்படப்போகிறாய்?

இரண்டு வருஷத்துக்கு முந்தின சீசனில் வலை கிழிந்துவிட்டது என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். தீபாவளி நெருக்கம். சிவகாசியில் வலைக்கடையில் நூறு தீர்ந்துபோயிருந்தது, "அடுத்த வாரம் வாங்க அண்ணாச்சி" என்றான். உனக்கோ மறுநாள் காலையில் பஸ். கம்பெனியில் எண்பது வலை ஒரு துண்டு மிச்சம் கிடந்தது. அதை இழுத்துப் பிடித்து அடித்தேன். சட்டத்தில் இருந்த 100 அப்படியே இருந்தது. எங்களிடத்தில் சட்டத்து நம்பரை எவன் பார்க்கிறான்? வலை பத்துத் தடவை மாறும், சட்டம் மாறாமல் கிடக்கும். சலிக்கிறவன் கட்டைவிரலால் வலையை ஓர் இழுப்பு இழுப்பான், நம்பர் கைக்குத் தெரிந்துவிடும். பெயிண்ட் எழுத்தை நம்பிச் சலிக்கிறவனைப் பார்த்துச் சலிப்பு ரூமே சிரிக்கும். உனக்கு அந்தக் கட்டைவிரல் கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எண்பதுதான் கிடைத்தது, போனதும் மாற்றிக்கொள் என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் உன் கல்யாணப் பேச்சை எடுத்தேன். நீ முறைத்தாய். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அதன்பிறகு நீ சலித்ததெல்லாம் எண்பது, நோட்டில் எழுதியதெல்லாம் நூறு. கடலுக்குப் பதிலாக உங்கள் லேபில் வைத்திருக்கிற கண்ணாடித் தொட்டியில் விட்ட மணல், உன் கணக்கு சொன்ன இடத்துக்கு முன்னாலேயே படிந்தது. பருமனான மணல் சீக்கிரம் விழாமல் வேறு என்ன செய்யும்? நீ உன் கணக்கில்தான் கோளாறு என்று நினைத்து, மணல் கீழே இறங்குகிற வேகத்துக்கான எண்ணைக் கொஞ்சம் கூட்டினாய். ஏன் கூட்டினேன் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதியும் வைத்திருக்கிறாயாம், ஜெபராஜ் சொன்னான். திருடுகிறவன் சிவப்பு மையிலா எழுதி வைப்பான்? இப்போது உங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் கடையில் வாங்கிய நூறாம் நம்பர் மணலை வைத்து அதே சோதனையைச் செய்தாளாம், மணல் தூரமாகப் போகிறதாம், உன் கணக்கோடு ஒத்துவரவில்லையாம். பொருந்த வேண்டும் என்பதற்காக எண்ணைத் திரித்தான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. நீயும் ராத்திரி பகலாக யோசித்து, நான்தான் ஆசைப்பட்டுத் திரித்துவிட்டேன்போல என்று நம்ப ஆரம்பித்துவிட்டாய்.

அப்படி நம்புகிற புத்தியையும் நான்தான் கொடுத்தேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மருந்து இருக்கிற ரூமில் சண்டை போடக் கூடாது, வெடிக்க ஓர் உரசல் போதும். தட்டு சாய்ந்தாலும், கூடாத சாமான் ஒன்று உள்ளே வந்துவிட்டாலும், யார் என்று கேட்டதும் பக்கத்தில் இருக்கிற ஆள் "ஆமா, நாந்தேன்" என்று சொல்லிவிட வேண்டும். எல்லாரும் முதலில் வெளியே வர வேண்டும், நியாயத்தை வேப்பமரத்தடியில் டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம். ஒருதரம் எங்களோடு சலிக்கிற மாரியம்மாள் அப்படித்தான், "நாந்தேன் அண்ணாச்சி, மொதல்ல வெளிய வாங்க" என்று எல்லாரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். டீ குடிக்கும்போதுதான் அவள் அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை என்று தெரிந்தது. அவளை நான் மெச்சினேன், வீட்டில் வந்து உங்களிடமும் சொன்னேன். நீ பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் எவனோ உடைத்த கண்ணாடிக் குடுவைக்கு நீ "நான்தான் சார்" என்று நின்றாய். வாத்தியார் சொல்லி அனுப்பியபோது, என் பிள்ளை பெருந்தன்மைக்காரன் என்று உன்னைத் தட்டிக்கொடுத்து, எண்ணெய்ப் புரோட்டா வாங்கித் தர விருதுநகருக்குக் கூட்டிப்போனேன். அங்கே தப்பு செய்தேன், கருப்பசாமி. மருந்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் உயிர் பிழைக்க வைத்துக்கொண்ட பழக்கம் அது. அங்கேகூட டீக்கு அப்புறம் உண்மையைப் பேசிவிடுவோம். நான் உனக்கு முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்து, மறுபாதியை விட்டுவிட்டேன். அந்த விலகல் கடிதத்தில் நீ கையெழுத்துப் போட்டால் அதற்கப்புறம் உனக்கு வேப்பமரத்தடி கிடையாது.

இது உனக்காக நான் கட்டிச் சொல்கிற கதை என்று நினைத்துவிடாதே. பதினொரு மணிக்கு ஜெபராஜை உங்கள் லேபுக்கு அனுப்பி, அந்தச் சல்லடையை எடுக்கச் சொன்னேன். ஸ்கேலை வலைமேல் வைத்து போட்டோ எடுத்து, பெரிதாக்கி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்று எண்ணச் சொன்னேன். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். எண்ணி முடித்தவன் மறுபடி முதலிலிருந்து எண்ணினான். "எண்பதுதான் அங்கிள், மூணு தடவை எண்ணிட்டேன்" என்றபோது அவன் அழுகிற மாதிரி இருந்தது. அவனிடமே உன் ஆராய்ச்சிக் கைடு அம்மாவின் நம்பரை வாங்கிப் பேசினேன். நான் பேசிய தமிழ் அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனால் சல்லடை என்றதும் புரிந்துவிட்டது. எந்தச் சல்லடை, எப்போது வலை மாற்றியது என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க சொல்றது சரின்னா, அவன் மாத்துறதுக்கு முன்னாடி போட்ட கணக்குதாங்க சரி. மணல் அளவைத் திருத்திட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தாத் தெரிஞ்சிரும். ஆனா அதை அவன்தான் வந்து சொல்லணும். நான்தான் ஏமாத்தினேன்னு அவனே எழுதி அனுப்பிட்டா, அதுக்கப்புறம் என் கையில ஒண்ணுமில்ல" என்றார். கேட்டாயா? உன் ஐந்து வருஷ உழைப்பும் போய்விடவில்லை. நீ முதலில் போட்ட எண்தான் சரி. போனை வைக்கும்முன் அவர் ஒன்று கேட்டார்: "உங்களுக்கு இது எப்போ தெரியும்?" இன்றைக்குக் காலையில்தான் என்றேன்.

மணி இரண்டே முக்கால். இவ்வளவு நேரம் முதல் தாளின் நுனி கதவுக்கு இந்தப் பக்கம் தெரிந்துகொண்டே இருந்தது. இப்போது குனிந்து பார்க்கிறேன், ஒரு தாளும் காணோம். உள்ளே ஃபேன் ஓடுகிறது. காற்றில் போயிற்றா, நீ எடுத்தாயா? நீ எடுத்துத்தான் படிக்கிறாய் என்று நம்புகிறேன். படிக்கிறாய் என்றால் மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை சீட்டும் எழுதினேன்.

மேலே ஒரு பொய் எழுதியிருக்கிறேன். சல்லடையால்தான் கோளாறு என்று இன்றைக்குக் காலையில்தான் தெரியும் என்றேனே, அதுதான். போன வருஷம் ஆடி மாசமே தெரியும். சலிப்பு ரூமுக்கு வெளியே கை கழுவிக்கொண்டிருந்தேன், உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று கேட்டில் வைத்திருந்த என் போனுக்கு நீ கூப்பிடுகிறாய் என்று வாட்ச்மேன் சத்தம் கொடுத்தான். ஓடிவந்து எடுத்தேன். "அப்பா, மணலு நான் சொன்ன தூரம் போக மாட்டேங்குப்பா, முன்னாடியே படிஞ்சிருது. ரெண்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிடுதேன்" என்றாய். நீ சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் சலித்தவனுக்கு இது தெரியாதா? எண்பது, எண்பது என்று உள்ளே அடித்துக்கொண்டது. வாயில் வந்தது என்ன தெரியுமா? "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அதற்கு முந்தின வருஷம் உன் கட்டுரை அச்சில் வந்தபோது, கடைசியில் என் பெயரைப் போட்டு, சல்லடை செய்து தந்த என் அப்பாவுக்கு நன்றி என்று எழுதியிருந்தாய். ரேஷன் கார்டைத் தவிர என் பெயர் அச்சில் வந்தது அதில்தான். அந்தப் பக்கத்தை லேமினேஷன் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். டீக்கடையில், வேனில், இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாதவனிடமெல்லாம் நீட்டினேன். தாயில்பட்டியில் உள்ள என் மச்சினன் "மாமா, படிச்சது போதும், தேஞ்சிரப் போகுது" என்று கேலி செய்கிற அளவுக்கு நீட்டினேன். அதே சல்லடையில்தான் கோளாறு என்று நானே எப்படிச் சொல்வேன்? எண்பதுக்கும் நூறுக்கும் என்ன பெரிய வித்தியாசம், கடல் மண் என்ன பூச்சட்டியா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, "பொருந்திருச்சுப்பா, ஒரு எண்ணை மாத்தினேன், பொருந்திருச்சு" என்று அத்தனை சந்தோஷமாகக் கூப்பிட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நல்லதுய்யா" என்றேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். உன்னைத் திருடன் என்கிறார்களே, அந்தப் பெயர் என் வாயில் இருந்த ஒரு வார்த்தையில் வராமலே நின்றிருக்கும். நான் அதை மென்று விழுங்கினேன்.

கைடு அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு இதையும் சொல்லப்போகிறேன். பெற்ற அப்பனே தெரிந்துகொண்டு வாயை மூடியிருந்தானா என்று உன் கல்லூரியில் பேசட்டும். கம்பெனிக்குத் தெரிந்து இனிமேல் சல்லடையை என் கையில் தராவிட்டால் தராமல் போகட்டும். அம்மா ஐந்தரை வேனில் வந்து இறங்குவாள், அவளிடமும் சொல்லியாக வேண்டும், எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயம். மணி மூன்றரை ஆகிவிட்டது. ஐந்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். இந்தச் சீட்டைத் தள்ளிவிட்டு, கதவில் முதுகை வைத்துக்கொண்டு, உனக்குக் கேட்கிற மாதிரி கைடு அம்மாவிடம் சத்தமாகப் பேசுவேன். ஆனால் அவர் மணலைப் பற்றிக் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

என்னை மன்னிக்க வேண்டாம். மன்னிக்கச் சொல்லி நான் இங்கே உட்காரவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டு, நாலு அடி அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடி, நான் கையை மறிக்க மாட்டேன். எல்லாப் பழியையும் உன் தலையில் அள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாயே, அதில் ஒரு பிடிகூட உன்னுடையது கிடையாது, எல்லாம் என்னுடையது. அதை என் மூஞ்சியில் வீசி எறியணும்ல? அதுக்காவது வெளிய வாலே.